லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? கார் விலை பேசுமுன் போடவேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கார் வாங்க யோசிக்கிறார் என்று தெரிந்தவுடன் உறவினரும் அயலவரும் அவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: என்ன விலை சொல்லுகிறார்கள், லீற்றருக்கு எத்தனை ஓடுமாம். விலையை வைத்து நன்றாகப் பேரம் பேசத் தெரிந்தவர்கள்கூட, எரிபொருளைப் பற்றி விற்பவர் சொன்ன எண்ணைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, அந்த எண்ணுக்காகவே சில இலட்சங்களைக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். முதன்முறையாகக் கார் வாங்குபவருக்கு இக்கட்டுரை சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு கார் உண்மையில் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்பதை நீங்களே அளந்து, அதை ரூபாயாக மாற்றிப் பார்த்த பின்னரே விலை பேச அமருங்கள். அப்படி அளந்த ஒருவருக்கு அந்தக் காருக்காகத் தாம் எதுவரை போகலாம் என்பது தெரிந்திருக்கும். அது தெரிந்தவரை அவசரப்படுத்தி ஒப்புக்கொள்ள வைப்பது எளிதன்று.

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு எரிபொருளின் அருமையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலில் இயக்கப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடின. 2022இல் எரிபொருளைப் பங்கிட நாடு முழுவதற்கும் கியூஆர் முறை வந்தபோது தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. அதே 20 லீற்றரில் ஒரு கார் 200 கிலோமீற்றரும் இன்னொன்று 400 கிலோமீற்றரும் போக முடிந்ததால், யார் காரில் வேலைக்குப் போகலாம், யார் சைக்கிளை எடுக்கவேண்டும் என்பதை அந்த வேறுபாடே தீர்மானித்தது. அதற்குப் பின், பெற்றோல் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள் மீதும் 660 சீசீ ஜப்பானியச் சிறு கார்கள் மீதும் நம்மவர்க்கு ஏற்பட்ட நாட்டம் நியாயமானதே. ஆனால் அந்த நாட்டத்துக்குச் சந்தை கேட்கும் கூடுதல் விலை எப்போது நியாயம், எப்போது நியாயமில்லை என்பதைக் கணக்குப் போட்டே அறியவேண்டும்.

விளம்பரத்தில் வரும் எண் எங்கிருந்து வருகிறது

நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும் பங்கு ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் ஒரு காரின் எரிபொருள் சிக்கனம் வீதியில் ஓட்டி அளக்கப்படுவதில்லை; ஆய்வுகூடத்தில், சில்லுகள் சுழலக்கூடிய உருளைகளின் மேல் காரை நிறுத்தி, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணையின்படி ஓட்டி அளக்கிறார்கள். எல்லாக் கார்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதற்கு இது சிறந்த முறை. ஆனால் அந்த அட்டவணை உங்கள் பயணத்தை ஒத்ததா என்பது வேறு விடயம்.

1991 முதல் வழக்கில் இருந்த 10·15 முறையில் மொத்தத் தூரம் 4 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், சராசரி வேகம் 23ஐக் கூட எட்டாது, இயந்திரம் முன்பே நன்றாகச் சூடாக்கப்பட்டிருக்கும். அடுத்து வந்த ஜேசி08 முறையில் தூரம் 8 கிலோமீற்றரைத் தாண்டியது, உச்ச வேகம் 82 அளவுக்கு உயர்ந்தது, குளிர்ந்த இயந்திரத்தோடு தொடங்கும் ஓட்டமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. இப்போதுள்ள டபிள்யூஎல்ரிசி முறை நகரம், புறநகர், நெடுஞ்சாலை என மூன்று பகுதிகளையும் தனித்தனியாகக் காட்டுவதால் முந்தியவற்றைவிட நேர்மையானது. இம்முறைகள் எதிலும் வெயிலில் வெந்த காருக்குள் ஏசியை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு ஐந்து பேர் ஏறிப்போவதில்லை.

முதல் தலைமுறை ரொயோட்டா அக்குவா 2011இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்தபோது அதற்கு ஜேசி08 முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று குறிக்கப்பட்டது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸின் ஒரு வகைக்கு 40.8 என்று இருந்தது. 660 சீசீ சுசுகி அல்ற்றோவுக்கு 2014இல் 37.0. கார் சேல்களில் ஒட்டப்பட்டிருக்கும் தாள்களிலும் இணைய விளம்பரங்களிலும் இவ்வெண்களே பிரதியெடுக்கப்படுகின்றன. சில வேளைகளில் சற்றே உருட்டப்பட்டு இன்னும் பெரிதாகின்றன. நல்ல நிலையிலுள்ள ஓர் அக்குவா நம் வீதிகளில் இருபதுகளின் முற்பாதியைத் தந்தால் அதன் உரிமையாளர் திருப்திப்படலாம். 35ஐ எதிர்பார்த்து வாங்கியவர்தான் காரில் பழுது இருக்கிறதோ என்று கராச் கராச்சாக ஏறியிறங்குவார்.

ஆய்வுகூட எண்ணையே அப்படியே நம்பமுடியாத ஒரு காலமும் இருந்தது. 2016 ஏப்ரலில் மிற்சுபிஷி நிறுவனம், தான் தயாரித்த ஈகே வாகன், நிசானுக்காகத் தயாரித்துக் கொடுத்த டேய்ஸ் முதலிய சிறு கார்களுள் 625,000 கார்களுக்கு எரிபொருள் சிக்கனத் தரவுகள் திரிக்கப்பட்டதைத் தானே ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே சுசுகியும் விதிப்படி அமையாத சோதனை முறையைப் பின்பற்றியதாக ஏற்றுக்கொண்டது. அக்காலத்துச் சிறு கார்கள் பல இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன என்பதால், விற்பவர் காட்டும் தாளிலுள்ள எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை வாங்குபவர் நிதானிக்கவேண்டும். ஒரே முறையில் அளக்கப்பட்ட இரண்டு கார்களில் எது சிக்கனம் கூடியது என்று பார்ப்பதற்கு அந்த எண் உதவும். மாதச் செலவைக் கணிப்பதற்கு அது உதவாது.

எரிபொருள் எங்கே போகிறது

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையானது. கண்டியிலும் நுவரெலியாவிலும் ஏற்றங்களில் செலவாகும் எரிபொருள் இங்கே செலவாவதில்லை என்பதால், மலைநாட்டுக்காரர் சொல்லும் எண்ணைவிட நம்முடையது கூடுதலாக இருக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் பயணங்களின் தன்மை அந்த நன்மையின் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது.

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பின்னேரம் ரியூசனுக்குக் கொண்டுபோவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருவது என நம் ஓட்டங்களில் பல மூன்று நான்கு கிலோமீற்றரோடு முடிந்துவிடுகின்றன. இயந்திரம் தன் சரியான வெப்பநிலையை அடையும்வரை அதற்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். அதை அடைந்த சிறிது நேரத்திலேயே நாம் காரை நிறுத்திவிடுகிறோம். அடுத்த ஓட்டத்துக்குள் அது மறுபடியும் ஆறிவிடுகிறது. குறுந்தூர ஓட்டமே வழக்கமாகக் கொண்ட கார், அதே மாதிரிக் கார் கிளிநொச்சிக்குப் போய்வரும்போது தருவதைவிட எப்போதும் குறைவாகவே தரும்.

அடுத்தது நின்று நின்று போவது. ஓடும் காருக்கு இருக்கும் வேகம் எரிபொருள் கொடுத்து வாங்கியது. பிறேக்கை மிதிக்கும்போது அது வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. காங்கேசன்துறை வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ சைக்கிளுக்கும் ஒட்டோவுக்கும் இடையில் நூறு மீற்றருக்கு ஒருமுறை பிறேக் போட்டுச் செல்பவர், ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் வாங்குகிறார். ஹைபிரிட் கார் இந்த இடத்தில்தான் தன் விலையை நியாயப்படுத்துகிறது: வேகம் குறையும்போது அதன் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, இழக்கப்படும் ஆற்றலில் ஒரு பங்கைப் பற்றரியில் சேமிக்கிறது, நிற்கும்போது இயந்திரம் தானே அணைகிறது. ரயில் கடவையில் சாதாரண கார் பத்து நிமிடம் இயங்கியபடி நின்றால் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் பெற்றோல் வீணாகும். ஹைபிரிட்டுக்கு அது பெரும்பாலும் மிச்சம்.

ஏ9 வீதியில் நிலைமை மாறுகிறது. ஆனையிறவைத் தாண்டிச் சீரான வேகத்தில் போகும்போது பிறேக்குக்கு வேலை குறைவு என்பதால் ஹைபிரிட்டுக்கும் நல்ல சாதாரண காருக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்குகிறது. அங்கே காற்றே எதிரி. காற்றுத் தடையின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 100க்குப் போனால் அது இரண்டு மடங்காகிறது. நகருக்கு வெளியே கார்களுக்கான சட்டவேகம் 70 என்பதைப் பலர் தண்டப்பணத்தோடு மட்டுமே தொடர்புபடுத்துகிறார்கள். அவ்வேகத்தில் போகிறவர் கொழும்புவரையான 400 கிலோமீற்றரில் மிச்சப்படுத்தும் பெற்றோல், சிறு தொகையன்று. ஐந்து பேரும் பொதிகளுமாக ஏசியோடு நீண்ட தூரம் போகும் குடும்பத்துக்கு, திணறித் திணறி உயர் சுற்றில் ஓடும் 660 சீசீ காரைவிடச் சற்றுப் பெரிய இயந்திரம் சிக்கனமாக அமைவதும் உண்டு.

ஏசியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதன் கொம்பிறெசர் எடுக்கும் சக்தி காரின் வேகத்தைப் பெரிதாகச் சார்ந்ததன்று. ஆகவே ஊர்ந்து போகும் ஓட்டத்தில், ஒரு கிலோமீற்றருக்கு அது தின்னும் எரிபொருள் மிகக் கூடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நகருக்குள் ஓடும் சிறிய காரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போகலாம். இதற்காக ஏசியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு வியர்த்துப் போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விற்பவர் சொல்லும் எண் ஏசியோடு அளந்ததா என்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒக்ரேன் 95 பெற்றோல் போட்டால் கூடுதல் தூரம் ஓடும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவலாக உள்ளது. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு வடிவமைக்கப்பட்ட கார்களுக்கு, அதாவது நாம் வாங்கும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, 92 போதுமானது. காரின் கையேடு 95ஐக் கேட்டால் மட்டும் அதைப் போடுங்கள்.

நம் கண்ணை ஏமாற்றும் அலகு

லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும் முறையிலேயே ஒரு பொறி இருக்கிறது. 10இலிருந்து 15க்குப் போவதும் 20இலிருந்து 25க்குப் போவதும் ஒரே அளவு முன்னேற்றம்போலத் தோன்றும்; இரண்டிலும் ஐந்து கிலோமீற்றர்தான் வேறுபாடு. ஆனால் நாம் காசு கொடுப்பது லீற்றருக்கு. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவதற்கு எத்தனை லீற்றர் வேண்டும்?

லீற்றருக்கு 10 ஓடும் காருக்கு 100 லீற்றர் வேண்டும். 15 ஓடுவதற்கு 67 லீற்றர் அளவில் போதும். 20 ஓடுவதற்கு 50, 25 ஓடுவதற்கு 40. முதல் தாவலில் மாதம் 33 லீற்றர் மிச்சம். கடைசித் தாவலில் 10 லீற்றர் மட்டுமே. பழைய, பெற்றோலை அள்ளிக் குடிக்கும் காரை விட்டு ஒரு சாதாரண, நல்ல காருக்கு மாறுவதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது. நல்ல காரிலிருந்து மிக நல்ல காருக்கு மாறுவதில் அது மெலிகிறது. ஆனால் சந்தை அந்தக் கடைசி ஐந்து கிலோமீற்றருக்கே அதிக விலை கேட்கிறது.

இதை ரூபாயில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மாறும்போது அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். 20 ஓடும் ஒரு காரும் 25 ஓடும் ஒரு காரும் உங்கள் முன் நிற்கின்றன. இரண்டாவதன் விலை 10 இலட்சம் கூட. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதம் 10 லீற்றர், அதாவது 3,000 ரூபாய் மிஞ்சும், ஆண்டுக்கு 36,000. அந்தப் பத்து இலட்சத்தை எரிபொருளில் மீட்க 27 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். கூடுதலாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி விற்கும்போது திரும்பி வருமே என்று சிலர் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் அந்தப் பத்து இலட்சம் வங்கியில் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் இருந்தால் 80,000 ரூபாய் தரும். 36,000 மிச்சப்படுத்துவதற்காக 80,000ஐ விடுகிறோம் என்பதையும், லீசிங்கில் எடுத்தால் இழப்பு இதைவிடப் பெரிது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மறுபக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக ஏறத்தாழ 65 கிலோமீற்றர், வர அதே அளவு. மாதம் 2,800 கிலோமீற்றர் என்று வைக்கலாம். 12 ஓடும் காரில் அவருக்கு 233 லீற்றர் வேண்டும். 20 ஓடும் காரில் 140 போதும். மாதம் 93 லீற்றர், ஏறக்குறைய 28,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். இவருக்குச் சிக்கனமான கார் சில இலட்சம் கூட என்றாலும் வாங்கத் தக்கது. ஒரே சந்தையில், ஒரே காருக்கு, ஒருவர் கொடுக்கக்கூடிய விலையும் இன்னொருவர் கொடுக்கக்கூடிய விலையும் வேறு. நண்பர் அக்குவா வாங்கினார் என்பதற்காக நாமும் அக்குவா வாங்குவது எவ்வளவு தவறான வழி என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

அளப்பது எப்படி

சொந்தக் காரிலோ நண்பரின் காரிலோ முதலில் பழகிப் பாருங்கள். பெற்றோல் செட்டில் குழாய் தானாக நிற்கும்வரை தாங்கியை நிரப்புங்கள். அதற்குமேல் சொட்டுச் சொட்டாக நிரப்ப விடவேண்டாம். பயணத்தூர மீற்றரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். வழக்கம்போல ஓடுங்கள். கால்வாசி மிஞ்சும்போது அதே செட்டில், முடிந்தால் அதே குழாயில், மறுபடியும் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது நிரப்பிய லீற்றரால் வகுங்கள். 412 கிலோமீற்றர் ஓடி 27.5 லீற்றர் நிரப்பினால் விடை 15க்கு மிக அருகில். மூன்று தாங்கிகளின் தொகையை எடுத்துச் சராசரி பார்த்தால், ஒரு முறை குழாய் சற்று முந்தி நின்றதால் வரும் பிழை கரைந்துவிடும். காரின் திரையில் தெரியும் சராசரி எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமானது. அதைச் சான்றாகக் கொள்ளவேண்டாம்.

வாங்கப்போகும் காரில் ஒரு தாங்கி முழுவதையும் ஓட்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் உண்மையாக விற்க நினைப்பவர் ஒன்றரை மணித்தியால ஓட்டத்துக்கு மறுப்பதில்லை. அவரையும் ஏற்றிக்கொண்டு, தாங்கியை உங்கள் செலவில் நிரப்பி, ஏசியைப் போட்டு, கண்டி வீதியால் கொடிகாமம்வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வரும். திரும்பி வந்து அதே இடத்தில் நிரப்பிப் பாருங்கள். மூன்று லீற்றர் பிடிக்கும் ஓட்டத்தில் கால் லீற்றர் பிழை வந்தாலே விடை எட்டு சதவீதம் அளவுக்கு மாறும் என்பதால், 16க்கும் 17க்கும் உள்ள வேறுபாட்டை இச்சோதனை காட்டாது. 20 என்று சொல்லப்பட்ட கார் 13 தருகிறதா என்பதை அது சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிவிடும். வாங்குபவருக்கு வேண்டியதும் அதுதான்.

எண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால், அந்தக் கார் எதையோ சொல்கிறது என்று கொள்ளுங்கள். ரயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம். அது சிறு விடயம். பிறேக் முழுவதாக விடுபடாமல் சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓட்டம் முடிந்தபின் நான்கு றிம்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மட்டும் மிகையாகக் கொதிப்பது தெரியும். ஒட்சிசன் உணரி, பற்றவைப்புச் செருகி, காற்று வடிகட்டி ஆகியவற்றில் பழுது இருக்கலாம். ஹைபிரிட் காரில் பற்றரி தேய்ந்திருக்கலாம். அது பெரிய செலவு. அக்குவாவிலும் மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து உள்ளிழுக்கப்படுகிறது. நம் செம்மண் தூசியும் வெப்பமும் அந்த வழியை அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறைகிறது. ஸ்கானர் வைத்திருக்கும் கராச்சில் பற்றரிப் பகுதிகளின் மின்னழுத்தம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பழைய ஹைபிரிட் எதையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விலை எப்படி உருவாகிறது, எப்படிப் பேசுவது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்திலேயே மறுபடி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வரத்து இல்லாததால், நாட்டுக்குள் இருந்த கார்கள் பழையதாகப் பழையதாக விலை ஏறின. அந்தக் காலத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்கள் இன்று விற்கும்போது தாம் கொடுத்த தொகையையே அளவுகோலாக வைப்பது மனித இயல்பு; ஆனால் அவர் கொடுத்த விலை உங்களுக்கு ஆதாரமாகாது. இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: இறக்குமதிக் காரின் மீதான உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதால், 1,000 சீசீ காருக்கும் 1,500 சீசீ காருக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டின் பெரும் பகுதி வரியே. விலை கூடிய கார் அந்த அளவுக்குத் தரம் கூடியது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

சந்தை விலையை அறிய, இணைய விளம்பரங்களில் அதே மாதிரி, அதே உற்பத்தி ஆண்டு, ஏறத்தாழ அதே தூரம் ஓடிய கார்களைத் தேடி, நாடு முழுவதிலுமிருந்து பத்துப் பன்னிரண்டு விலைகளை எழுதிக்கொள்ளுங்கள். பதிவு செய்த ஆண்டும் உற்பத்தி ஆண்டும் வேறு. விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படுவது இரண்டில் பிந்தியதாகவே இருக்கும். அவை கேட்கும் விலைகள் என்பதையும் மறக்கவேண்டாம். பல வாரங்களாக நீக்கப்படாமல் கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதற்குச் சான்று. கொழும்பில் அதே கார் மலிவாகக் கிடைத்தால், போய்ப் பார்த்து ஓட்டிவரும் செலவைக் கூட்டிய பின்னும் மலிவா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் விலை பேசும்போது அந்த எண்ணைத் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்து உங்கள் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விற்பவருக்குப் பழக்கமானவரை வேண்டாம். ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைச் சோதித்து எழுதிய ஏலத் தாள் இருந்தால் வாங்கிப் பார்த்து, அதிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தைக் காரோடு ஒப்பிடுங்கள். ஆர் அல்லது ஆர்ஏ என்ற தரம் விபத்தில் பழுதுபட்டுத் திருத்தப்பட்டதைக் குறிக்கும். தாளிலுள்ள தூரத்தோடு இன்றைய மீற்றரையும், தேய்ந்த பெடல், மெருகேறிய ஸ்ரியறிங் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மீற்றர் பின்னுக்குத் திருப்பப்பட்டிருப்பின் பெரும்பாலும் பிடிபடும். மெக்கானிக் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் அன்றைய செலவைக் கேட்டு எழுதுங்கள்: நான்கு ரயர், முன் சொக், பற்றரி, ஏசி வாயு.

இப்போது உங்கள் எல்லை தானாக அமையும். சந்தையில் நல்ல நிலையிலுள்ள அதே காரின் விலையிலிருந்து திருத்தவேலைச் செலவைக் கழியுங்கள். அளந்த சிக்கனம் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால், அதையும் ரூபாயாக்குங்கள்: 20 என்றது 15 ஆனால், மாதம் 1,000 கிலோமீற்றருக்கு 17 லீற்றர் அளவில் கூடுதல், அதாவது ஆண்டுக்கு 60,000 ரூபாய், ஐந்து ஆண்டு வைத்திருப்பதாயின் மூன்று இலட்சம். அந்த மூன்று இலட்சம் முழுவதையும் விற்பவர் குறைப்பார் என்று எதிர்பார்க்கவேண்டாம். ஆனால் "குறைச்சுத் தாங்கோ" என்று கெஞ்சுவதற்கும், "அண்ணை, நீங்கள் இருபது எண்டு சொன்னீங்கள், உங்களோடையே போய் அளந்ததிலை பதினைஞ்சுதான் வந்தது, ரயருக்கும் சொக்குக்கும் இவ்வளவு போகும், ஆகவே எனக்கு இந்த விலைதான் கட்டும்" என்று தாளைக் காட்டிச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதற்கு மறுப்பது எளிது. இரண்டாவதற்கு அவரும் காரணம் சொல்லியே மறுக்கவேண்டும்.

தொலைபேசியிலேயே "கடைசி விலை என்ன?" என்று கேட்பதைத் தவிருங்கள். காரைப் பார்க்காதவருக்கு யாரும் உண்மையான கடைசி விலையைச் சொல்வதில்லை. ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், பின்னர் நேரில் அதிலிருந்து இறங்குவது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். பார்த்து, ஓட்டி, அளந்த பின் உங்கள் விலையை ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதி தாங்காமல் நாமே இன்னும் ஐம்பதாயிரம் கூட்டிச் சொல்வது நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நம் ஊரில் விலை பேச்சைக் கெடுக்கும் இரண்டு விடயங்களை நான் அடிக்கடி காண்கிறேன். ஒன்று நாள். கல்யாணத்துக்கு முன், தைப்பொங்கலுக்கு முன், நல்ல நாள் பார்த்தாகிவிட்டது, பிள்ளையார் கோயிலில் பூசைக்கும் சொல்லியாகிவிட்டது என்ற நிலையில் விலை பேசப் போகிறவரின் அவசரம் முகத்தில் தெரியும். விலை முடிந்த பின் நாளைப் பாருங்கள். மற்றது உறவு. மாமாவின் நண்பர், அக்காவின் மைத்துனர் என்று வரும்போது கேட்கக் கூச்சப்பட்டு, சோதிக்காமலே வாங்கிவிடுகிறோம். ஆறு மாதத்தில் கியர்பெட்டி பழுதானால் காசும் போய் உறவும் கசக்கிறது. உறவினரின் காரையே மிகக் கவனமாகச் சோதியுங்கள். கூச்சமாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன் அறிக்கை கேட்கிறார் என்று மெக்கானிக் வாயால் சொல்லவைக்கலாம். தரகர் இடையில் இருந்தால், அவருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

லீசிங்கில் வாங்குபவர் மாதத் தவணையைப் பற்றிப் பேசவே கூடாது. காரின் முழு விலையை முடித்துவிட்டுப் பின்னர் லீசிங்கைத் தனியாகப் பேசவேண்டும். 30 இலட்சம் எடுத்து 60 மாதங்களுக்கு மாதம் 75,000 கட்டினால் மொத்தம் 45 இலட்சம். தவணையை 70,000 ஆக்கித் தருகிறோம் என்று சொல்லிக் காலத்தை 72 மாதமாக நீட்டினால் மொத்தம் 50 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் கேட்கும்போது மலிவுபோலவே இருக்கும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். அதில் நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், அக்கடன் தீர்க்கப்பட்டு அந்தப் பெயர் நீங்கும்வரை கார் விற்பவருடையதன்று. விற்பவர் பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் வேறாக இருந்து, ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையொப்பமிட்ட மாற்றப் படிவத்தோடு, தருகிறேன் என்று சொன்னால், எவ்வளவு மலிவாயினும் பதிவு மாற்றம் செய்து தரக் கேளுங்கள். இடையில் உள்ளவர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாமற் போனாலே கார் உங்கள் பெயருக்கு வராது. வாகன வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றின் காலமும் விலைக்குள் அடங்கும்: அவை முடிந்திருந்தால் அச்செலவைக் கழிக்கக் கேட்கலாம். முற்பணத்துக்கான பற்றுச்சீட்டில் காரின் இலக்கம், பேசிய முழு விலை, மீதி கொடுக்கும் நாள், பத்திரங்களில் குறை இருந்தால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற வாசகம் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகு, பதிவு மாற்றத்துக்கான படிவங்களைக் காசு கைமாறும் அதே மேசையில் நிரப்பிவிடுங்கள்.